ஜில்லென்று குடிக்கக் கூடாத பீர்: இங்கிலாந்து ஸ்ட்ராங் ஏலை ருசிக்க ஒரு வழிகாட்டி

போன டிசம்பரில் ஊரிலிருந்து மச்சினன் வந்திருந்தான். மான்செஸ்டர் குளிரில் மூன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருந்தவன், பீர் என்றதும் பாட்டிலைத் தூக்கிப் போய் ஃப்ரீசரில் வைத்துவிட்டான். அது 8.5 சதவீத ஸ்ட்ராங் ஏல். நான் கவனிப்பதற்குள் அரை மணி நேரம் ஆகிவிட்டது. ஒரு எவர்சில்வர் டம்ளரில் நுரை பொங்க ஊற்றி, வழக்கம்போல மடக்கென்று ஒரு வாய் குடித்தான். முகம் கோணியது.

"என்னத்தான் இது, இருமல் மருந்து மாதிரி இருக்கு?"

மீதியை அடுப்படி மேடையில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். சாப்பாடு, பேச்சு, கை கழுவல் எல்லாம் முடிய முக்கால் மணி நேரம். டம்ளரைச் சாக்கடையில் கொட்டப் போனவன், கொட்டுவதற்கு முன் என்னவோ நினைத்து முகர்ந்து பார்த்தான். ஒரு வாய் குடித்தான். பிறகு என்னிடம் வந்து கேட்டான்: "நீங்க வேற பாட்டில மாத்தி ஊத்துனீங்களா?"

யாரும் மாற்றி ஊற்றவில்லை. பீர் சூடேறியிருந்தது, அவ்வளவுதான். இந்தக் கட்டுரை முழுக்க அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றியதுதான்.

எதைக் குடிக்கப் போகிறோம்?

நம்மூரில் ஸ்ட்ராங் பீர் என்றால் ஒரே அர்த்தம்: கிக் அதிகம். இந்தியாவின் உணவு விதிகளின்படி 5 சதவீதத்துக்கு மேல் 8 வரை ஆல்கஹால் உள்ளது ஸ்ட்ராங். பெரும்பாலும் லாகர் வகை. குளிர்ந்த நிலையில் நொதித்தது, குளிரவைத்தே குடிக்க வேண்டியது. சூடேறினால் வாயில் வைக்க முடியாது.

இங்கிலாந்து ஸ்ட்ராங் ஏல் அதற்கு நேர் எதிர். ஏல் ஈஸ்ட் சுமார் 20 டிகிரி செல்சியஸில், கொஞ்சம் வெதுவெதுப்பில் வேலை செய்யும். அந்தச் சூட்டில் அது ஆல்கஹாலோடு பழ வாசனை தரும் எஸ்டர்களையும் உண்டாக்கும். இந்த வாசனைதான் சரக்கு. ஆல்கஹால் அதைத் தூக்கிக்கொண்டு வரும் பல்லக்கு.

பலம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தேங்காய்ப்பாலை வைத்துச் சொல்லிவிடலாம். முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட். அதை இடித்து வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் முதலில் வருவது முதல் பால்: கெட்டி, இனிப்பு. மறுபடி வெந்நீர் ஊற்றி வடித்தால் இரண்டாம் பால். பழைய ஆங்கில ஆலைகளில் முதல் பாலை ஸ்ட்ராங் ஏலுக்கும், நீர்த்ததை அன்றாட பீருக்கும் வைத்துக்கொள்வார்கள். இதற்குப் பார்ட்டி-கைல் என்று பெயர். லண்டன் சிஸிக்கில் உள்ள ஃபுல்லர்ஸ் ஆலை இதற்குப் பேர்போனது. ஒரே ஊறலிலிருந்து வடித்தவற்றை வேறுவேறு விகிதத்தில் கலந்து, 8.5 சதவீத கோல்டன் பிரைட், இ.எஸ்.பி., லண்டன் பிரைட் என்று பல பீர்களை எடுத்தார்கள்.

லேபிளில் ஓல்ட் ஏல், பார்லி ஒயின், வின்டேஜ் ஏல் என்று பல பெயர் பார்ப்பீர்கள். பார்லி ஒயினில் திராட்சை கிடையாது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பர்ட்டன் நகரத்து பாஸ் கம்பெனி தன் நம்பர் 1 ஏலை இந்தப் பெயர் போட்டு விற்றதிலிருந்து பெயர் நிலைத்துவிட்டது. ஓல்ட் ஏலுக்கும் பார்லி ஒயினுக்கும் எங்கே கோடு என்று கேட்டால் பீர்க்காரர்களே அடித்துக்கொள்வார்கள். புதிதாக வருபவருக்கு அந்தச் சண்டை தேவையில்லை.

எந்த பாட்டிலில் தொடங்குவது?

நேராக 11 சதவீதத்தில் குதிக்காதீர்கள். முதல் படியாக யார்க்‌ஷயர் மாஷம் ஊரின் தீக்ஸ்டன் ஓல்ட் பெக்யூலியர் நல்லது. 5.6 சதவீதம்தான். ஆனால் கருப்பு நிறம், உலர்பழ வாசனை எல்லாம் இந்தக் குடும்பத்து முகச்சாயல். சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும்.

அடுத்து ஸ்டாக்போர்ட் ராபின்சன்ஸின் ஓல்ட் டாம், 8.5 சதவீதம். 1899 முதல் வடிக்கிறார்கள். டாம் என்பது ஆலையில் வளர்ந்த பூனை. அன்றைய தலைமை பீர் வடிப்பவர் செய்முறை நோட்டில் அந்தப் பூனையின் முகத்தை வரைந்து வைத்தார். இன்றும் லேபிளில் அதே பூனை. என் வீட்டுக்குப் பக்கம் என்பதால் எனக்கு இதன் மேல் கொஞ்சம் பாசம், நடுநிலை எதிர்பார்க்காதீர்கள்.

மூன்றாவது படி ஃபுல்லர்ஸ் வின்டேஜ் ஏல். 1997 முதல் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது, இதுவும் 8.5 சதவீதம். பாட்டிலுக்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும், வருடக்கணக்கில் வைத்துக் குடிக்கலாம். கடைசிப் படி மான்செஸ்டர் ஜே.டபிள்யூ. லீஸின் ஹார்வெஸ்ட் ஏல். 1986 முதல் வருவது, 11.5 சதவீதம். மாரிஸ் ஆட்டர் பார்லி, கிழக்கு கென்ட்டின் கோல்டிங்ஸ் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) என்று அந்தந்த ஆண்டு அறுவடையை வைத்து வடிப்பது. இதைப் பீர் என்று நினைத்து எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். பாகு என்று நினைத்து எடுங்கள்.

அமெரிக்க பார்லி ஒயின்களை முதலில் தொட வேண்டாம். சியரா நெவாடா பிக்ஃபுட் மாதிரியானவை அருமையானவைதான், ஆனால் அங்கே ஹாப்ஸ் முன்னால் வந்து நிற்கும். கிச்சிலித் தோல், பைன் பிசின், ஆளைத் தூக்கும் கசப்பு. மால்ட்டைப் பழக வேண்டிய நேரத்தில் அது காதுக்குப் பக்கத்தில் தவில் வாசிப்பது போல.

பச்சைப் பாட்டில், வெள்ளைப் பாட்டில் வேண்டாம், பழுப்புப் பாட்டில் பாருங்கள். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து கந்தக வாடை வரும். கடை ஜன்னலில் வெயில் பட நிற்கும் பாட்டிலை, பாதி விலை என்றாலும் விட்டுவிடுங்கள். வாங்கியதை இருட்டில், குளிர்ச்சியான இடத்தில், நிற்கவைத்து வையுங்கள். இங்கிருந்து சென்னைக்குக் கொண்டுபோய் அலமாரியில் மூன்று வருடம் வைத்து வின்டேஜ் ஆக்கலாம் என்று ஒரு நண்பர் கணக்குப் போட்டார். 35 டிகிரி வெயிலில் அது வின்டேஜ் ஆகாது, வீணாகத்தான் போகும்.

சூடு, கண்ணாடி, ஊற்றுதல்

ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில் இருக்கும். நமக்கு வேண்டியது 12 முதல் 14. ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் குடிப்பதற்கு 45 நிமிடம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். தெர்மாமீட்டர் வேண்டாம். பாட்டிலைத் தொட்டால் கோடையில் மண்பானைத் தண்ணீர் குடிக்கும்போது இருக்குமே, பல் கூசாத குளிர்ச்சி, அது கையில் தெரிய வேண்டும். அதற்குக் கீழே போனால் வாசனை எழும்பாது, இனிப்பும் மந்தமாகிவிடும். கசப்பும் கேஸும்தான் மிஞ்சும். மச்சினனுக்கு முதல் வாயில் நடந்தது இதுதான். 18 டிகிரிக்கு மேல் போனால் ஆல்கஹால் மூக்கைக் குத்தும்.

டம்ளர் வேண்டாம். ஒயின் கிளாஸ், பிராந்தி கிளாஸ் எதுவானாலும் சரி. அடி அகன்று வாய் குறுகியிருந்தால் வாசனை உள்ளேயே தங்கும். முக்கியமானது கண்ணாடியின் சுத்தம். நம் வீட்டுக் கழுவு தொட்டியில் சாம்பார்ச் சட்டியோடு சேர்ந்து குளித்த கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய் இருக்கும். அது நுரையைக் கொன்றுவிடும். தனியாகக் கழுவி, சோப்பு வாசனை போகும்வரை அலசி, கவிழ்த்து வைத்துத் தானாக உலரவிடுங்கள். கரித்துணியால் துடைக்காதீர்கள். சோதனை எளிது: உள்ளே தண்ணீர் ஊற்றிக் கொட்டுங்கள். தண்ணீர் படலமாக வழிந்தால் சுத்தம். முத்து முத்தாக ஒட்டி நின்றால் மறுபடி கழுவுங்கள்.

ஊற்றுவதில் ஒரே ஒரு நுணுக்கம். ஈஸ்ட் இருக்கும் பாட்டிலை முந்தைய நாளே நிற்கவைத்துவிட வேண்டும். பிறகு தெளிந்த ரசத்தை மண்டி கலங்காமல் இறுப்பது போல, கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து ஒரே சீராக ஊற்றுங்கள். நடுவில் பாட்டிலை நிமிர்த்தினால் அடியில் இருப்பது கலங்கிவிடும். அதனால் எத்தனை பேரோ அத்தனை கண்ணாடியையும் வரிசையாக வைத்துக்கொண்டு ஊற்றுவது நல்லது. அடியில் ஒரு விரல்கடை மிச்சம் விடுங்கள். அந்த மண்டி விஷம் ஒன்றும் இல்லை, ரொட்டி மாவு மாதிரி ருசிக்கும், சிலருக்கு வயிற்றைப் புரட்டும்.

ஆளுக்கு 120 மி.லி. போதும். 500 மி.லி. பாட்டிலை மூன்று, நான்கு பேர் பகிர்ந்துகொள்ளலாம். கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 500 மி.லி.யில் 8.5 சதவீதம் என்றால் 42.5 மி.லி. சுத்த ஆல்கஹால். நம்மூர் பிராந்தி 42.8 சதவீதம், ஆக இந்த ஒரு பாட்டில் ஏறக்குறைய 100 மி.லி. பிராந்திக்குச் சமம். பிரிட்டிஷ் கணக்கில் 10 மி.லி. ஒரு யூனிட். வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்கிறது இங்குள்ள அரசு மருத்துவ ஆலோசனை. முழு பாட்டிலையும் ஒருவரே குடித்தால் ஒரே மாலையில் 4-க்கு மேல் போய்விடும். இனிப்பாக, சாதுவாக இறங்குவதால் தெரியாது, எழுந்து நின்றால்தான் தெரியும். கார் சாவியை முன்கூட்டியே வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். குடிக்காதவர் இதற்காகத் தொடங்க வேண்டிய அவசியமும் இல்லை, வாசனைப் பகுதியை மட்டும் படித்துவிட்டு நகரலாம்.

மூக்குக்கு நேரம் கொடுங்கள்

நிறத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம். விளக்குக்கு எதிரே பிடித்தால் தேன் நிறம் முதல் டிகாஷன் நிறம் வரை இருக்கும், ஓரத்தில் செம்பின் பளபளப்பு தெரிந்தால் அழகு. நுரை மெல்லிசாக வந்து சீக்கிரம் அடங்கும். ஆல்கஹால் கூடினால் நுரை நிற்காது, குறை என்று நினைக்காதீர்கள்.

மூக்குதான் விஷயம். புதியவர்களுக்கு வரும் சிக்கல், வாசனை தெரியாதது அல்ல, பெயர் வராதது. "நல்லா இருக்கு" என்பதற்கு மேல் நாக்கு எழாது. ஆங்கிலப் புத்தகங்கள் டாஃபி, ட்ரீக்கிள், ஃப்ரூட் கேக் என்று அடுக்கும். ட்ரீக்கிளை வாழ்நாளில் பார்க்காதவருக்கு அதனால் என்ன பயன்? அதனால் நான் ஒரு வேலை செய்கிறேன். மேஜையில் ஐந்து சின்னத் தட்டு: இடித்த கருப்பட்டி ஒன்றில், உலர்திராட்சை ஒன்றில், கொட்டை எடுத்துப் பிய்த்த பேரீச்சை ஒன்றில், ஒரு கரண்டி ஆரஞ்சு மார்மலேட், உலர்ந்த தேயிலை ஒரு சிட்டிகை. தட்டை முகர்ந்துவிட்டு உடனே கண்ணாடியை முகருங்கள். அடுத்த தட்டு, மறுபடி கண்ணாடி. இருப்பது எது, இல்லாதது எது என்று மூக்கே சொல்லும்.

மச்சினன் இரண்டாம் முறை இப்படித்தான் செய்தான். கருப்பட்டித் தட்டில் அவன் நின்றுவிட்டான். கண்ணாடிக்கும் தட்டுக்குமாக நாலு தடவை தலை போய்ப் போய் வந்தது. "பாட்டி வீட்டு அடுக்களைத்தான்," என்றான். உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டில் வளர்ந்தவன். பதநீரைக் காய்ச்சும்போது கடைசியில் கரிந்தும் கரியாமலும் வரும் வாசனை அவனுக்கு மூக்கிலேயே இருக்கிறது. ஆலையிலும் நடப்பது கிட்டத்தட்ட அதுதான்: முதல் பாலை நீண்ட நேரம் கொதிக்கவிடும்போது சர்க்கரையும் புரதமும் கூடிச் சிவந்து அந்த வாசனையைக் கொடுக்கின்றன. ரொட்டி சிவப்பதும், தோசை ஓரம் முறுகுவதும் இதே வேதியியல்தான்.

இழுத்து ஒரே மூச்சாக முகராதீர்கள். நாய் முகர்வது போலக் குட்டிக் குட்டி மூச்சாக இரண்டு, மூன்று. பிறகு கண்ணாடியின் வாயை உள்ளங்கையால் மூடி, மெதுவாகச் சுழற்றி, கையை எடுத்ததும் ஒருமுறை. மூக்கு மரத்துவிட்டால் உங்கள் சட்டைக் கையை முகருங்கள், சரியாகிவிடும்.

மார்மலேட்டும் தேயிலையும் எதற்கு என்றால், அவை ஹாப்ஸ் பக்கத்து வாசனைகள். கென்ட் பகுதியின் கோல்டிங்ஸ் ஹாப்ஸ் சத்தம் போடாது. ஆரஞ்சுத் தோல், தேயிலை, கொஞ்சம் மழை பெய்த மண். உலர்திராட்சையும் பேரீச்சையும் கொஞ்சம் மால்ட், கொஞ்சம் ஈஸ்ட், மீதி வயசு.

வாய்

முதல் வாயை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அது நாக்கைப் பழக்க மட்டும். இரண்டாவது வாயாக ஒரு தேக்கரண்டி அளவு எடுத்து, நாக்கு முழுக்கப் பரவவிட்டு மூன்று, நான்கு விநாடி வைத்திருந்து விழுங்குங்கள். விழுங்கியதும் வாயை மூடியபடி மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். தொண்டைக்குப் பின்னாலிருந்து வாசனை மூக்குக்கு ஏறும். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்தப் பின்வாசல் வழியாக வருவதுதான். சந்தேகம் இருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள்: வெறும் இனிப்பும் கசப்பும். விரலை எடுத்த நொடியில் உலர்திராட்சை வந்து விழும்.

மூன்றைக் கவனியுங்கள். முதலில் இனிப்பு வந்து பின்னால் கசப்பு வந்து அதை வெட்டுகிறதா? வெட்டாவிட்டால் திகட்டும். இரண்டாவது, கசப்பும் துவர்ப்பும் வேறு வேறு. ஆங்கிலேயர்கள் இதில் அடிக்கடி குழம்புவார்கள், அறுசுவை சொல்லி வளர்ந்த நமக்கு அந்தச் சிரமம் இல்லை. பாகற்காய் கசப்பு, வாழைப்பூ துவர்ப்பு. ஹாப்ஸ் கசக்கும், நாக்கை வறட்டும் துவர்ப்பு லேசாகக் கடைசியில் வரலாம். மூன்றாவது, நெஞ்சுச் சூடு. விழுங்கியதும் சுக்குக் காப்பி குடித்த மாதிரி நெஞ்சில் ஒரு வெதுவெதுப்பு பரவினால் நல்ல ஏல். தொண்டையில் சுரீர் என்று எரிந்தால் அவசரமாக வடித்தது, அல்லது இன்னும் வயசாகாதது.

இனி அந்த முக்கால் மணி நேரம். கண்ணாடியை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருங்கள். 5-ஆம் நிமிடம், 20-ஆம் நிமிடம், 40-ஆம் நிமிடம் என்று மூன்று முறை மட்டும் குறிப்பு எழுதுங்கள், ஒரு வரி போதும். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "5: கசப்பு, கொஞ்சம் ரொட்டி ஓடு. 20: கருப்பட்டி. ஆரஞ்சு எங்கிருந்தோ. 40: பேரீச்சை, பழைய மர அலமாரி. கேஸ் இல்லை. ஆனாலும் நல்லா இருக்கு." பழைய மர அலமாரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்காதீர்கள். எனக்குப் புரியும், அது போதும்.

கெட்டுப்போனதா, வயசானதா?

காற்றுப் பட்டுப் பழசாகும்போது நல்ல ஸ்ட்ராங் ஏலில் ஷெர்ரி ஒயின் வாசனை, பாதாம், தோல் பை வாசனை வரும். இவை சிறப்பு. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் அது முதுமை இல்லை, சாவு. பச்சை ஆப்பிள் துருத்திக்கொண்டு தெரிந்தால் ஈஸ்ட் வேலையை முடிக்கவில்லை. வெண்ணெய் வாசனை லேசாக இருந்தால் இங்கிலாந்து ஏலில் பொறுத்துக்கொள்ளலாம், தியேட்டர் பாப்கார்ன் அளவுக்குப் போனால் பொறுக்க வேண்டாம். வினிகர் போலப் புளித்தால் கொட்டிவிடுங்கள்.

பக்கத்தில் என்ன வைப்பது?

மிக்சர், மாங்காய் ஊறுகாய், மிளகு போட்ட சில்லி சிக்கன் எதுவும் வேண்டாம். நம் பழக்கத்துக்கு இது கொடுமை என்று தெரியும். ஆனால் மிளகாயின் எரிச்சலை உணரும் அதே நரம்பு முனைகளை ஆல்கஹாலும் தூண்டுகிறது. 8 சதவீதத்தில் காரம் இன்னும் ஏறித் தெரியும், பீர் காணாமல் போகும். ஊரில் சைட் டிஷ்ஷின் வேலை சரக்கின் ருசியை மறைப்பது. இங்கே மறைக்க ஒன்றும் இல்லை.

இங்குள்ளவர்கள் வைப்பது ஸ்டில்ட்டன் சீஸ். டார்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்கம்ஷயர் மூன்று மாவட்டத்தில் செய்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம். நீலப் பூஞ்சை ஓடிய, உப்பான, நாற்றமடிக்கும் சீஸ். தனியாகத் தின்றால் எனக்கு இன்றும் பிடிக்காது. ஏலோடு சேர்ந்தால் உப்பும் இனிப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன, எப்படி என்றே தெரியவில்லை. சீஸ் ஆகாதவருக்கு வால்நட், பாதாம், கடலை மிட்டாய். தீபாவளி மிச்ச அதிரசத்தை ஒருமுறை வைத்துப் பார்த்தேன், இரண்டுமே கருப்பட்டிப் பக்கம் சாய்ந்து திகட்டிவிட்டது.

வாங்கும்போது இரண்டு பாட்டிலாக வாங்குங்கள். ஒன்றை இப்போது குடித்து, குறிப்பை ஒரு சீட்டில் எழுதி, மற்றொன்றின் கழுத்தில் கட்டி இருட்டில் வைத்துவிடுங்கள். இரண்டு வருடம் கழித்துத் திறக்கும்போது ஒப்பிட வேறு வழி கிடையாது, ஞாபகத்தை நம்ப முடியாது. எங்கள் வீட்டில் மாடிப்படிக்கு அடியில் உள்ள அலமாரியில், வாக்குவம் கிளீனருக்குப் பின்னால் ஒரு பாட்டில் நிற்கிறது. அதன் கழுத்தில் மச்சினன் கையெழுத்தில் ஒரு சீட்டு: "5 நிமிஷம்: இருமல் மருந்து. 45 நிமிஷம்: பாட்டி வீடு. அத்தான் தனியா குடிக்கக் கூடாது."